ஒரே சர்வரில் ஓசிஎஃப்எஸ்2: கிளஸ்டரைக் கழற்றிவிட்ட கதை

சர்வர் இப்போது தானாக ரீபூட் ஆவதில்லை. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் என் வீட்டில் இருக்கும் சர்வர் பெட்டி ஒன்றுதான். அதில் ஓடுவது ஓசிஎஃப்எஸ்2. பல சர்வர்கள் கிளஸ்டராக, அதாவது ஒரு கூட்டமாகச் சேர்ந்து, ஒரே டிஸ்கை ஒரே நேரத்தில் மவுன்ட் செய்து (இணைத்துத் திறந்து) எழுதுவதற்கென்று ஆரக்கிள் உருவாக்கிய ஃபைல் சிஸ்டம் அது. 2006இல் 2.6.16 கர்னலோடு (இயங்குதளத்தின் மையப் பகுதி) லினக்ஸுக்குள் வந்தது. "ஒரு பெட்டிக்கு எதுக்குண்ணே இதெல்லாம்?" என்று நண்பர் கேட்டார். கோயில் திருவிழா, கல்யாணம் என்று வீடியோ எடுப்பவர். டிஸ்கில் கிடக்கும் சரக்கில் பாதிக்கு மேல் அவருடையதுதான், அதனால் கேட்க உரிமை உண்டு.

அவரிடம் சொன்ன காரணங்கள் இவை. முதலாவது, ரீஃப்லிங்க்: 60 ஜிபி மெய்நிகர் கணினிப் படிமத்தை (பெட்டிக்குள் மென்பொருளாக ஓடும் கணினியின் டிஸ்க் கோப்பு) இடம் பிடிக்காமல் உடனே நகலெடுக்கலாம். இரண்டாவது, அலுவலகத்தில் கழிக்கப்போகும் இன்னொரு பெட்டி எனக்குக் கிடைக்கும் என்று பேச்சு இருந்தது. வந்தால் இரண்டும் ஒரே டிஸ்கைப் பார்க்கும். மூன்றாவது, அதே பெட்டிக்குள் ஓடும் இரண்டு மெய்நிகர் கணினிகள் ஒரே டிஸ்கில் எழுத வேண்டியிருந்தது. ரீஃப்லிங்க் மட்டும் வேண்டும் என்றால் எக்ஸ்எஃப்எஸ் என்ற சாதாரண ஃபைல் சிஸ்டம் போதும். 2019 முதல் அதன் கருவிகள் ஃபார்மட் செய்யும்போதே அந்த வசதியைப் போட்டுத் தருகின்றன. பகிர்வு மட்டும் வேண்டும் என்றால் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் போதும். இரண்டும் ஒரே இடத்தில் வேண்டும் என்று ஆசைப்பட்டதில்தான் இவ்வளவு வேலை.

பெட்டி, கைமாற்றுப் பொருட்களுக்கான கேரசல் செயலியில் வாங்கிய பழைய அலுவலக டெஸ்க்டாப். 180 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நினைவகம் 32 ஜிபி. அதில் 1 டிபி என்விஎம்இ (வேகமான, சுழலாத டிஸ்க்) போட்டேன், 90 வெள்ளி. வீடியோவுக்கு 4 டிபி சுழலும் டிஸ்க், 140 வெள்ளி. பெட்டிக்குள் 3.5 அங்குல டிஸ்க் வைக்கும் தட்டு தொலைந்துபோயிருந்ததால், சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் 45 வெள்ளிக்கு ஒரு யுஎஸ்பி டாக் வாங்கி டிஸ்கை வெளியில் நிறுத்தினேன். இந்த டாக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் வைத்த இடம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் காப்பறை, அதாவது எல்லோரும் பாம் ஷெல்டர் என்று சொல்கிற அறை. கனமான இரும்புக் கதவு, தடித்த கான்கிரீட் சுவர். சத்தம் வெளியே வராது, சூடும் வெளியே போகாது. கதவைச் சாத்தினால் டிஸ்க் 52 டிகிரி, ஒரு சாண் திறந்து வைத்தால் 43. இயங்குதளம் டெபியன் 12, மேலே மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கேவிஎம்.

முதலில் தொட்டது இதே வகையைச் சேர்ந்த இன்னொரு ஃபைல் சிஸ்டமான ஜிஎஃப்எஸ்2. அதைத் தனிப் பெட்டியில் ஓட்டுவது சுலபம். ஃபார்மட் செய்யும்போது பூட்டு முறையை நோலாக் என்று கொடுத்து, ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) ஒன்று போதும் என்றால் கிளஸ்டர் மென்பொருள் எதுவும் இல்லாமல் மவுன்ட் ஆகிவிடும். ஆனால் அதில் ரீஃப்லிங்க் கிடையாது. பின்னால் கிளஸ்டராக மாற்றினால் கோரோசிங்க், டிஎல்எம், பேஸ்மேக்கர் என்று கிளஸ்டர் மென்பொருள்களின் ஒரு குடும்பமே வந்து உட்காரும். ரெட்ஹாட் நிறுவனமும் தன் லினக்ஸின் 6ஆம் பதிப்பிலிருந்தே ஒற்றைச் சர்வரில் ஜிஎஃப்எஸ்2 ஓட்டுவதை ஆதரிப்பதில்லை. ஒரு மாலை பார்த்துவிட்டு அழித்துவிட்டேன்.

ஓசிஎஃப்எஸ்2இன் சொந்தக் கிளஸ்டர் அடுக்கான ஓ2சிபி இதற்கு நேர் எதிர். ஒரே ஒரு அமைப்புக் கோப்பு, ஒரு சேவை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோப்பு கண்டிப்பானது. கிளஸ்டர், நோடு (கிளஸ்டரில் உள்ள ஒரு கணினி) என்ற தலைப்புகள் வரியின் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். அவற்றின் கீழே உள்ளவை டேப் விட்டு உள்ளே தள்ளி இருக்க வேண்டும். வேறு எங்கிருந்தோ ஒட்டினால் டேப் எல்லாம் ஸ்பேஸாகி, சேவை கிளம்பவே கிளம்பாது. நோடு பெயரும் கணினியின் ஹோஸ்ட்நேமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். என் ஹோஸ்ட்நேம் டொமைன் பெயரோடு சேர்ந்து நீளமாக இருந்தது, கோப்பில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைக் கண்டுபிடிக்க ஒரு இரவு போயிற்று. போர்ட் எண் 7777 வழக்கமானது, அதை மாற்றவில்லை.

ஃபார்மட் செய்யும் கட்டத்தில் யோசிக்க வேண்டியது ஒதுக்கீட்டு அலகின் அளவு. 4 கேபி முதல் 1 எம்பி வரை எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஃபார்மட் முடிந்த பிறகு மாற்ற முடியாது. வீடியோ என்றால் பெரிய கோப்புகள்தானே என்று 1 எம்பி கொடுத்தேன். நண்பரின் எடிட்டிங் மென்பொருள் ஒவ்வொரு கிளிப்புக்கும் சிறு முன்னோட்டப் படங்களைக் குவிக்கும் என்பது அப்போது கணக்கில் இல்லை. சுமார் 40,000 படங்கள், ஒவ்வொன்றும் 20 கேபி அளவில். உண்மையில் 800 எம்பி கூட வராது. ஆனால் ஒவ்வொரு படமும் 1 எம்பி பிடித்து, மொத்தம் 39 ஜிபி விழுங்கியது. மிகச் சிறிய கோப்புகளை, கோப்பின் விவரங்கள் இருக்கும் இனோடுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வசதி இதில் உண்டு. 4 கேபி பிளாக் என்றால் அதைவிடக் கொஞ்சம் குறைவான கோப்புகள் வரைதான் அது உதவும், 20 கேபி படத்துக்கு உதவாது. எல்லாவற்றையும் வேறு டிஸ்குக்கு இழுத்துவிட்டு 64 கேபி அலகில் மறுபடி ஃபார்மட் செய்தேன். அதே படங்கள் இப்போது சுமார் 2.5 ஜிபி. வீடியோ வாசிக்கும் வேகத்தில் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் எதுவும் இல்லை.

நோடு ஸ்லாட் எத்தனை என்றும் அப்போதே கேட்கும். ஒரே நேரத்தில் எத்தனை கணினிகள் மவுன்ட் செய்யலாம் என்பதுதான் அது. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனி ஜர்னல், தனி இனோடு ஒதுக்கீடு, அழிக்கப்பட்டும் இன்னும் திறந்திருக்கும் கோப்புகளுக்கு ஒரு தனி அடைவு என்று ஒரு தொகுப்பே உருவாகும். நான் 4 ஸ்லாட்டும், ஜர்னல் 256 எம்பியும் கொடுத்தேன். வராத விருந்தாளிக்கும் இலை போட்ட மாதிரி 768 எம்பி சும்மா கிடந்தது. 4 டிபியில் அது பெரிய விஷயமில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கிளஸ்டர் நிலையில் மவுன்ட் ஆயிற்று. பூட் ஆகும்போது ஓ2சிபி எழுந்த பிறகுதான் மவுன்ட் நடக்க வேண்டும் என்பதால், எஃப்எஸ்டேபில் (எதை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியல்) நெட்வொர்க் சாதனம் என்று குறிக்கும் விருப்பம் தேவை. டிஸ்க் பக்கத்திலேயே யுஎஸ்பியில் தொங்குகிறது, அதை நெட்வொர்க் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சரி, போகட்டும். மவுன்ட் ஆக ஒவ்வொரு முறையும் சில நொடிகள் கூடுதலாக எடுத்தது. வேறு யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று, நோடுகள் தாங்கள் உயிரோடு இருப்பதை டிஸ்கில் பதியும் ஹார்ட்பீட் பகுதியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகும். இருப்பது ஒரே நோடு என்பதால் பூட்டு கேட்டு நெட்வொர்க்கில் எந்தச் செய்தியும் போகாது. வேகம் நன்றாகவே இருந்தது. இவ்வளவுதானா என்று நினைத்துவிட்டேன்.

அப்புறம்தான் ரீபூட் ஆரம்பித்தது.

பகலில், பெரும்பாலும் மதியத்துக்கு மேல், வீட்டு இணையம் அரை நிமிடம் போய் வரும். இணையப் பெயர்களை முகவரிகளாக்கும் டிஎன்எஸ் இதே பெட்டியில் ஓடுவதால் முதலில் வீட்டில் புகார் வந்தது இணையத்தைப் பற்றித்தான். போய்ப் பார்த்தால் சர்வர் புதிதாக எழுந்து நிற்கும், எல்லாம் சரியாக மவுன்ட் ஆகியிருக்கும். லாகில் ஒன்றும் இல்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வரி, அடுத்த வரி பூட். மின்சாரமா என்று பார்த்தேன், அதே பிளக்கில் இருக்கும் ரவுட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. நினைவகச் சோதனையை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. பவர் சப்ளையை நண்பரின் பழைய பெட்டியிலிருந்து கழற்றி மாட்டிப் பார்த்தேன், மறுபடி ரீபூட்.

டிஸ்கில் எழுத நேரமில்லாமல் போகிற செய்தியை நெட்வொர்க் வழியாகப் பிடிக்கலாம் என்று நெட்கன்சோலை வைத்தேன். கர்னல் செய்திகளை யுடிபி பொட்டலமாக இன்னொரு கணினிக்கு அனுப்பிவிடும். அலமாரியில் ஒரு பழைய ராஸ்பெர்ரி பை கிடந்தது. அதை ரவுட்டரில் கேபிளால் மாட்டி, 6666 போர்ட்டில் வருவதையெல்லாம் ஒரு கோப்பில் எழுத வைத்தேன். இதிலும் ஒரு முட்டுக்கட்டை. சர்வரின் ஈத்தர்நெட் அட்டை கேவிஎம்முக்காக ஒரு பிரிட்ஜுக்குள் (மெய்நிகர் கணினிகளை நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) இருந்தது. அட்டையின் பெயரைக் கொடுத்தால் நெட்கன்சோல் ஏற்காது, பிரிட்ஜின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். கன்சோல் செய்தி அளவை 8க்கு உயர்த்தவும் வேண்டும். இல்லாவிட்டால் முக்கியமான வரிகள் வராது.

அடுத்த ரீபூட்டில் எல்லாம் வந்து விழுந்தது. முதலில் யுஎஸ்பி துண்டிப்பு. உடனே அதே டிஸ்க் வேறு பெயரில் மறுபடி வந்தது. பிறகு ஹார்ட்பீட் எழுதும் பகுதியிலிருந்து வரிசையாகப் பிழை, நிலை மைனஸ் 5. அதாவது உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை. சரியாக 60 நொடி கழித்துக் கடைசி வரி: உங்கள் கணினியை மறுதொடக்கம் செய்து ஒதுக்குவதற்கு ஓசிஎஃப்எஸ்2 மிகவும் வருந்துகிறது என்ற பொருளில், நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே. கர்னலுக்குள் இப்படி மன்னிப்புக் கேட்கும் வரி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நடப்பது இதுதான். கிளஸ்டர் நிலையில் ஒவ்வொரு நோடும் 2 நொடிக்கு ஒருமுறை டிஸ்கில் தன் இடத்தில் ஒரு முத்திரை எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால், மற்ற நோடுகள் அது செத்துவிட்டது என்று முடிவு செய்து அதன் ஜர்னலை ஓட்டிச் சரிசெய்யும். அந்த நேரத்தில் செத்ததாக நினைத்த நோடு திடீரென்று எழுந்து எழுதினால் டிஸ்க் நாசம். அதனால் முத்திரை எழுத முடியாத நோடு தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். வரம்பு எண் 31 என்றிருக்கும். அதில் ஒன்றைக் கழித்து 2ஆல் பெருக்கினால் 60 நொடி. பல சர்வர்கள் இருக்கும் இடத்தில் இது மிகச் சரியான நடத்தை. என் வீட்டில் காப்பாற்றுவதற்கு வேறு நோடே இல்லை. ஆனாலும் ஒரு வீடியோ டிஸ்க் விழுந்ததற்காக டிஎன்எஸ், காப்புப் பிரதி, மெய்நிகர் கணினிகள் என்று மொத்தப் பெட்டியும் கீழே போகிறது.

வரம்பை 61 ஆக்கிப் பார்த்தேன். 60 நொடிக்குப் பதில் 120 நொடியில் ரீபூட் ஆயிற்று, வேறு மாற்றமில்லை. டிஸ்க் திரும்பி வரும்போது புதுப் பெயரில் வருகிறது. ஹார்ட்பீட் பழைய பெயரையே பிடித்துக்கொண்டு எழுதுகிறது. எவ்வளவு நேரம் காத்தாலும் அது வராது.

ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. முன்பு பெரிய நகலெடுப்பின்போது டிஸ்க் பல நொடிகள் உறைந்து நின்றிருக்கிறது, அப்போதெல்லாம் ஏன் ரீபூட் ஆகவில்லை? இதைச் சோதிக்க ஒரு மெய்நிகர் கணினியில் சின்ன வால்யூம் ஒன்றை டிவைஸ் மேப்பர் (டிஸ்குக்கு நடுவே நின்று அதை நிறுத்தவோ பிழை தரவோ வைக்கக்கூடிய கர்னல் அடுக்கு) மேல் வைத்தேன். முதலில் அதை இடைநிறுத்தினேன். எழுத்து எல்லாம் தொங்கி நின்றது, ஆனால் பிழை வரவில்லை. 2 நிமிடம் தாண்டியும் ரீபூட் இல்லை. எல்லா நோடுகளின் ஹார்ட்பீட்டும் தொங்குகிறது, டிஸ்கே கீழே போயிருக்கலாம் என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. பிறகு அதே வால்யூமைப் பிழை தரும் வகைக்கு மாற்றினேன். 60 நொடியில் ரீபூட். 2016க்குப் பின் வந்த கர்னல்களில் நோடுகள் தங்களுக்குள் பேசி, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொங்கினால் காலக்கெடுவை நீட்டிக்கொள்கின்றன. ஒரே நோடு என்றால் அந்த ஒன்றே 'எல்லோரும்'. ஆனால் பிழை திரும்பி வந்தால் அந்தப் பேச்சுவார்த்தை கிடையாது. தொங்கும் டிஸ்க் வேறு, காணாமல் போகும் டிஸ்க் வேறு. யுஎஸ்பி டாக் இரண்டாவது வகை.

இந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது: டாக்கைத் தூக்கி எறிவது, அல்லது கிளஸ்டர் நிலையை விடுவது. டாக்கைத் திருத்திப் பார்த்தேன். குட்டையான கேபிள் 6 வெள்ளிக்கு வாங்கினேன், அந்தச் சாதனத்துக்கு மட்டும் யுஏஎஸ் என்ற வேகமான யுஎஸ்பி முறையை அணைத்தேன். துண்டிப்பு குறைந்தது, நிற்கவில்லை. கடைசியில் இரண்டு வழியையும் எடுத்தேன். ஆனால் முக்கியமானது கிளஸ்டர் நிலையை விட்டதுதான் என்பது என் கணிப்பு. நல்ல கேபிளும் ஒருநாள் தளரும், அப்போது டிஸ்க் மட்டும் விழ வேண்டும், வீடு முழுக்க விழக் கூடாது.

மாற்றுவது நான் பயந்த அளவுக்கு இல்லை. ஓசிஎஃப்எஸ்2 ஃபார்மட் செய்யும்போதே மவுன்ட் வகையை லோக்கல் என்று கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் ஓ2சிபி, அமைப்புக் கோப்பு, ஹார்ட்பீட் எதுவும் தேவையில்லை, லினக்ஸின் வழக்கமான எக்ஸ்டி4 மாதிரி நேரே மவுன்ட் ஆகும். ஏற்கெனவே கிளஸ்டராக இருப்பதை டியூன்எஃப்எஸ் கருவியால் மாற்றலாம். காப்பு எடுத்து, அன்மவுன்ட் செய்து, ஓ2சிபி ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலில் ஸ்லாட்டை 4இலிருந்து 1க்குக் குறைத்தேன். பிறகு வகையை லோக்கலாக்கினேன். பிறகுதான் ஓ2சிபியை நிறுத்தினேன். வரிசை மாறினால் கிளஸ்டரைத் தேடிவிட்டுக் கருவி முகம் திருப்பிக்கொள்ளும். எஃப்எஸ்டேபில் நெட்வொர்க் விருப்பத்தை எடுத்துவிட்டேன். ஃபைல் சிஸ்டம் சோதனை ஒருமுறை முழுதாக ஓட்டினேன், சுத்தம்.

அன்று மாலையே டாக் கேபிளை வேண்டுமென்றே பிடுங்கினேன். டிஸ்கில் பிழை, மவுன்ட் வாசிப்புக்கு மட்டும் என்று மாறியது. டிஎன்எஸ் ஓடிக்கொண்டே இருந்தது, மெய்நிகர் கணினிகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்மவுன்ட், திரும்ப மாட்டு, சோதனை, மவுன்ட். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

எதிர்பாராத இன்னொரு லாபம், டிஸ்க் தூங்க ஆரம்பித்தது. 2 நொடிக்கு ஒருமுறை முத்திரை எழுதிக்கொண்டிருந்தவரை அது சுழல்வதை நிறுத்தவே வழியில்லை. இப்போது 20 நிமிடம் சும்மா இருந்தால் நின்றுவிடுகிறது. 5 வாட் என்று வைத்தால் மாதம் 3.6 யூனிட், யூனிட்டுக்கு 30 காசு மேனிக்கு ஒரு வெள்ளி சொச்சம். காசுக்காகச் செய்யும் வேலை இல்லை. ஆனால் காப்பறையில் சூடு குறைந்தது, டிஸ்க் 38இல் நிற்கிறது.

ரீஃப்லிங்க் சொன்னபடி வேலை செய்கிறது, லோக்கல் நிலையிலும் அதில் குறையில்லை. 60 ஜிபி படிமத்தைச் சாதாரணமாக நகலெடுத்தால் இந்த டிஸ்கில் கால் மணி நேரத்துக்கு மேல். ரீஃப்லிங்க் விருப்பத்தோடு சிபி என்ற நகலெடுக்கும் கட்டளை கொடுத்தால் இரண்டு நொடி. முன்பு இதற்கென்று தனிக் கட்டளை இருந்தது. 2017இல் வந்த 4.10 கர்னல் முதல் வழக்கமான சிபியே போதும். ஒரு எச்சரிக்கை: நகலில் ஒரு சின்ன இடத்தில் எழுதினாலும் 1 எம்பி வரை சேர்த்துப் பிரித்து நகலெடுக்கும். புது நகலிலிருந்து விண்டோஸ் முதல்முறை எழும்போது சுழலும் டிஸ்க் திணறியது. அடுத்த முறை எழும்போது சரியாகிவிட்டது. அடிக்கடி பயன்படுத்தும் படிமங்களை என்விஎம்இக்கு மாற்றிவிட்டேன்.

இனி மூன்றாவது காரணம். அதே பெட்டிக்குள் இரண்டு மெய்நிகர் கணினிகள். ஒன்று நண்பர் கொண்டுவரும் கார்டுகளிலிருந்து இறக்கி, எடிட்டிங்குக்கு இலகுவான பிரதிகள் தயாரிக்கும். மற்றது அவற்றைச் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாக அவருடைய மடிக்கணினிக்குக் கொடுக்கும். இரண்டுக்கும் பொதுவாக என்விஎம்இயில் 300 ஜிபி எல்விஎம் வால்யூம் (டிஸ்கிலிருந்து பிரித்தெடுத்த பகுதி) ஒன்றைக் கொடுத்தேன். இங்கே உண்மையிலேயே இரண்டு கர்னல்கள் ஒரே டிஸ்கில் எழுதுகின்றன, எனவே இங்கே கிளஸ்டர் நிலை வேண்டும். எக்ஸ்டி4ஐ இப்படி இரண்டு பக்கமும் மவுன்ட் செய்தால் சில நிமிடங்களில் குப்பைதான். மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்விர்ட்டில் அந்த டிஸ்கைப் பகிரத்தக்கது என்று குறிக்க வேண்டும், கேஷ் இல்லை என்று வைக்க வேண்டும், கியூகவ்2 என்ற படிமக் கோப்பாக இல்லாமல் ரா வடிவில் கொடுக்க வேண்டும்.

முதல் கணினியில் மவுன்ட் ஆயிற்று. இரண்டாவதில் கொஞ்ச நேரம் தொங்கிவிட்டு, எதிர்முனையோடு இணைப்பு இல்லை என்ற பொருளில் பிழை. டிஸ்க் தெரிகிறது, ஹார்ட்பீட் ஓடுகிறது, ஆனால் மவுன்ட் இல்லை. ஃபயர்வால் 7777ஐ அடைத்து வைத்திருந்தது. டிஸ்கைப் பகிர்கிறோம், நெட்வொர்க் எதற்கு என்று தோன்றும். பூட்டுகள் எல்லாம் நெட்வொர்க் வழியாகத்தான் கை மாறுகின்றன. இரண்டுக்கும் நடுவே வெளியுலகம் தொடாத ஒரு தனி பிரிட்ஜ் போட்டு, அந்த முகவரிகளை அமைப்புக் கோப்பில் எழுதினேன்.

நோடு எண்ணை யோசித்துக் கொடுக்க வேண்டும். இரண்டே நோடுகள் இருந்து, டிஸ்க் இரண்டுக்கும் தெரிந்து, நடுவில் நெட்வொர்க் மட்டும் அறுந்தால், சின்ன எண் உள்ளதுதான் பிழைக்கும். மற்றது தன்னை ரீபூட் செய்துகொள்ளும். நண்பர் எடிட்டிங் நடுவில் இருக்கும்போது சாம்பா போனால் போன் வரும். பிரதி தயாரிப்பது பாதியில் நின்றால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். அதனால் சாம்பா கணினிக்குச் சின்ன எண்.

இன்னொன்று, இரவு காப்புக்காக மெய்நிகர் கணினியை இடைநிறுத்தும் பழைய ஸ்கிரிப்ட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கிளஸ்டருக்குள் இருக்கும் கணினியை நீண்ட நேரம் இடைநிறுத்தினால், மற்றது அது செத்துவிட்டது என்று முடிவு செய்து அதன் ஜர்னலைத் தானே ஓட்டி முடித்துவிடும். அப்புறம் இடைநிறுத்தியதை எழுப்புவது நல்லதில்லை. இப்போது இந்த இரண்டையும் அந்த ஸ்கிரிப்டிலிருந்து எடுத்துவிட்டு, உள்ளிருந்து கோப்புகளாகவே காப்பு எடுக்கிறேன். தைப்பூசத்தன்று நண்பர் சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை காவடிகளோடு நடந்து எடுத்த காட்சிகள் ஒரே இரவில் 400 ஜிபிக்கு மேல் வந்தன. பகிர்ந்த வால்யூமில் இடம் பத்தாமல், பாதியை முடித்து லோக்கல் டிஸ்குக்குத் தள்ளிவிட்டு மீதியை இறக்க வேண்டியிருந்தது. இறக்குவது ஒரு பக்கம், சாம்பா ஒரு பக்கம் என்று இரண்டும் ஒரே அடைவில் எழுதியபோதும் ஒரு கோப்பும் கெடவில்லை. ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள அடைவை இரண்டாவது கணினியில் பட்டியலிட்டால் மட்டும் மெதுவாக வரும். ஒவ்வொரு கோப்புக்கும் பூட்டு கேட்டு வாங்குகிறது. நாள்வாரியாகத் துணை அடைவு பிரித்ததும் சரியாயிற்று.

இந்தப் பகிர்வுக்கு நேர்மையாகச் சொன்னால் என்எஃப்எஸ்ஸோ விர்ட்டியோ எஃப்எஸ்ஸோ போதும், பாதி நேரத்தில் முடிந்திருக்கும். வேறொருவர் கேட்டால் அதைத்தான் சொல்வேன். நான் இதை விடாததற்குக் காரணம், அலுவலகத்தில் இதே வகைக் கிளஸ்டர் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கே சோதிக்க முடியாததை இங்கே பிடுங்கிப் பார்க்கலாம்.

பழுதுபார்க்கும் நாளுக்கு ஒன்று. கிளஸ்டர் வால்யூமில் ஃபைல் சிஸ்டம் சோதனை ஓட்டினால், வேறு யாரும் மவுன்ட் செய்திருக்கவில்லை என்று அது கிளஸ்டர் அடுக்கிடம் கேட்டு உறுதி செய்யும். மீட்பு யுஎஸ்பியிலிருந்து பூட் செய்தால் அந்த அடுக்கு இருக்காது. அந்தச் சரிபார்ப்பைத் தாண்டும் விருப்பம் உண்டு, பெரிய எழுத்து எஃப். வேறு எந்தக் கணினியும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை என்று நூறு சதவீதம் தெரிந்தால் மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும். லோக்கல் வால்யூமுக்கு இந்தத் தலைவலி இல்லை. பொதுவான மீட்பு யுஎஸ்பிகளில் ஓசிஎஃப்எஸ்2 கருவிகளே இருப்பதில்லை, அதனால் கருவிகள் சேர்த்த டெபியன் யுஎஸ்பி ஒன்றைத் தயார் செய்து பெட்டியின் மேலேயே டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

மறுபடி ஆரம்பித்தால், பெட்டியின் டிஸ்கை முதல் நாளே லோக்கல், ஒரு ஸ்லாட், 64 கேபி என்று ஃபார்மட் செய்வேன். இரண்டாவது பெட்டி வந்தால் அன்று டியூன்எஃப்எஸ்ஸால் கிளஸ்டராக்கி ஸ்லாட்டை உயர்த்திக்கொள்ளலாம், சில நிமிட வேலை. அலுவலகப் பெட்டி இதுவரை வரவில்லை, வரும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது. நெட்கன்சோலை முதல் மர்ம ரீபூட்டிலேயே வைத்திருப்பேன். பவர் சப்ளை மாற்றியது வீண் வேலை.

டிஸ்க் தட்டு கடைசியில் கேரசலில் 12 வெள்ளிக்குக் கிடைத்தது. 4 டிபி டிஸ்க் இப்போது பெட்டிக்குள் சாட்டாவில். டாக்கைத் தூக்கி எறியவில்லை. நண்பரின் பழைய டிஸ்குகளிலிருந்து கல்யாண வீடியோ இறக்க மட்டும், மின்விசிறிக்குப் பக்கத்தில் வைத்துப் பயன்படுத்துகிறேன்.